பிழையோடு மடிவதா வீரம்?

“பீட்டா இல்லை, ஆண்மக்களைப் போல் மடிகிறோம்!”

போர்க்களத்தில் எழுந்த முழக்கமல்ல இது! ஆங்கிலத்தில் இரசிகர் புனைகதை எழுதுவோர் பலர், தம் கதையின் முகப்பிலே சூட்டிவிடும் அறிவிப்பு. ‘பீட்டா’ என்பது, கதை வெளிவருமுன் படித்துப் பார்த்துக் குறை காட்டும் நண்பருக்கு அவர்கள் இட்ட பெயர். மென்பொருளை வெளியிடுமுன் சோதித்துப் பார்க்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல். அந்த நண்பரின் கண் படாமலே வருகிறது கதை. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே முழக்கத்தின் பொருள்.

நகைச்சுவை என்பர். நகைத்தோம் நாமும். நகைத்து முடித்ததும் நெஞ்சிலே எழுந்தது ஒரு கேள்வி: மடிவது யார்? எழுதியவரா? இல்லை! முதற்பத்தியிலே இடறி, இரண்டாம் பத்தியிலே திணறி, மூன்றாம் பத்தியிலே கதையை மூடிவிட்டுப் போகிறாரே வாசகர், அவரல்லவா மடிகிறார்!

பிறர் படைத்த கதைமாந்தரை எடுத்து, தாம் விரும்பும் வழியிலே நடத்தி, பெரும்பாலும் ஊதியம் கருதாமல் எழுதுவதே இரசிகர் புனைகதை. ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்கள் அமெரிக்காவில் 1967இல் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ஏட்டைத் தொடங்கினர். அக்காலத்து இரசிகர் ஏடுகள் பல, ஸ்டென்சில் தாளிலே தட்டச்சுச் செய்து, பொறியிலே உருட்டி எடுக்கப்பட்டவை. தாளுக்குக் காசு, மைக்குக் காசு, அஞ்சலுக்குக் காசு. அவற்றிலும் பிழைகள் உண்டு. ஆயினும் எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையே ஆசிரியர் ஒருவர் இருந்தார்.

1998இல் ‘ஃபேன்ஃபிக்ஷன்.நெட்’ தோன்றியது. தாள் வேண்டாம், மை வேண்டாம், ஆசிரியரின் இசைவும் வேண்டாம். பொத்தானை அழுத்தினால் போதும், கதை உலகெங்கும் போய்விடும்! வரவேற்கிறோம் இந்த விடுதலையை. யாரிடமும் கைகட்டி நிற்காமல் எழுதும் உரிமை எளிதில் கிடைப்பதன்று. இத்துறையிலே எழுதுவோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை எண்ணும்போது, அந்த உரிமையின் அருமை இன்னும் விளங்கும். ஆனால், வாயிற்காவலன் போய்விட்டான் என்பதற்காக, வீட்டைக் கூட்டும் துடைப்பத்தையும் வெளியே எறியவேண்டுமா?

“இலவசமாகத் தருகிறோம், இதிலே குறை காண்பதா?” என்று கேட்கின்றனர். வாசகர் காசு தரவில்லை, உண்மை. காலத்தைத் தருகிறாரே! பகலெல்லாம் உழைத்து, இரவிலே கண் விழித்துப் படிக்கிறாரே! காசைத் திருப்பித் தரலாம். போன இரவைத் திருப்பித் தரமுடியுமா?

“பொழுதுபோக்குத்தானே?” என்கின்றனர். இரசிகர் புனைகதைகளின் பெருங்களஞ்சியமான ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2019இல் ஹியூகோ விருது பெற்றது. அறிவியல் புனைவுலகின் உயர்ந்த விருதுகளுள் ஒன்று அது. இதுவும் இலக்கியமே என்று இத்துறையினர் மகிழ்ந்தனர். இலக்கியம் என்ற சிறப்பு வேண்டும்; இலக்கியத்துக்குரிய உழைப்பு மட்டும் வேண்டாமா? மாலைக்கு நீளும் கழுத்து, சுமைக்கு மட்டும் வளைய மறுப்பதா?

“‘டுவைலைட்’ நாவலின் இரசிகர் புனைகதையாகப் பிறந்து, பெயர்கள் மாற்றப்பட்டு, 2011இல் நூலாக வந்தது ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’. நடையைத் திறனாய்வாளர் எள்ளினர். வரிசை நூல்களோ பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றனவே!” என்று வாதாடுவோரும் உண்டு. விற்பனை சந்தையின் அளவுகோல். அதைக் கொண்டு எழுத்தை அளப்பது, கூட்டத்தை எண்ணிக் கொள்கையின் உண்மையை அளப்பது போன்றது!

திருத்துக என்கிறோம். ஆனால், திருத்தத்தின் பெயரால் இளம் எழுத்தாளரைத் துரத்தும் கூட்டத்தோடு நாம் சேரமாட்டோம். 1973இல் பௌலா ஸ்மித் ஒரு நையாண்டிக் கதை எழுதினார். குற்றமே இல்லாத, எல்லாரும் வியக்கும் இளம்பெண்ணைத் தலைவியாக்கி அன்று பலர் எழுதிவந்ததைக் கேலி செய்தது அது. தலைவியின் பெயர் மேரி சூ. கேலி நியாயமானதே. ஆனால் அந்தப் பெயர் பிறகு சாட்டையாயிற்று. வலிமையுள்ள பெண்ணைப் படைத்தாலே ‘மேரி சூ’ என்று எள்ளுவார்களோ என அஞ்சி, பெண் பாத்திரங்களைப் படைக்கவே தயங்கிய பெண் எழுத்தாளர்கள் உண்டு. குறை களைய வந்த கருவி, குரலையே களைந்தது!

ஆகவே பிழை வேறு, குரல் வேறு என்று பிரித்தறிவோம். முன் அத்தியாயத்தில் இறந்தவன் பின் அத்தியாயத்தில் தேநீர் அருந்துவது பிழை. பேசுவது யாரென்று விளங்காத உரையாடல் பிழை. இவை களையப்படவேண்டும். ஆனால் பள்ளி மாணவியின் துடிப்பும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரின் புதிய சொற்சேர்க்கையும் பிழையல்ல. அவற்றையும் இழைத்துத் தள்ளினால் மிஞ்சுவது மெருகல்ல, மொட்டை!

குறைகளைக் களையப் பேரறிஞர் தேவையில்லை. எழுதியதை ஓரிரவு ஒதுக்கி வையுங்கள். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். கண் மன்னித்ததைக் காது மன்னிக்காது. பிறகு தோழர் ஒருவரிடம் தாருங்கள். அவருடைய கதையை அடுத்த வாரம் நீங்கள் படியுங்கள். கூலியின்றி, ஆண்டான் அடிமை என்ற நிலையின்றி, ஒருவர் எழுத்துக்கு ஒருவர் கண்ணாகும் அந்தப் ‘பீட்டா’ வழக்கம், இத்துறை கண்ட நல்ல வழக்கங்களுள் ஒன்று. அதை வேண்டாம் என்று அறிவிப்பதா பெருமை?

அத்தனையும் செய்தபின் நான்கு பிழைகள் எஞ்சுமா? எஞ்சட்டும்! குறையே இல்லாத நாள் வரட்டும் என்று காத்திருந்து, கதையைப் பெட்டிக்குள் புதைப்பதும் ஒருவகைச் சாவுதான். உழைத்தபின் எஞ்சும் பிழையை வாசகர் பொறுப்பார். உழைக்க மறுத்து நீட்டும் பிழையை ஏன் பொறுக்கவேண்டும்?

மடியவேண்டாம் எழுத்தாளத் தோழர்களே! இன்னொரு முறை படியுங்கள். பிறகு துணிந்து வெளியிடுங்கள்! நீங்களும் வாழ்வீர்கள், வாசகரும் வாழ்வார்.