சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தை வகுப்பில் நடத்துவோர் பலர் அமுதசுரபியோடு நின்றுவிடுகின்றனர். ஆதிரை இட்ட பிச்சையும் காயசண்டிகையின் யானைத்தீ நோய் தீர்ந்ததும் விரித்துரைக்கப்படுகின்றன. மாணவரும் அன்னதானத்தின் சிறப்பு என்று சோதனையில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். பத்தொன்பதாம் காதையோ பெயரளவில் சொல்லப்பட்டுக் கழிகிறது. சாத்தனாரின் துணிவு புலப்படும் இடம் அதுவே.

அக்காதையில் நிகழ்வது யாது? காயசண்டிகை வடிவிலிருந்த மணிமேகலை புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துள் புகுந்து, பசித்திருந்தோர்க்கு உணவளிக்கிறாள். ஒரே பாத்திரம் அத்தனை பேர்க்கும் ஊட்டியதைக் கண்டு வியந்த காவலர் சோழ மன்னனுக்கு அறிவிக்கின்றனர். மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என வினவுகிறான். அவள் பொன்னோ பொருளோ கேட்டிலள். சிறையை ஒழித்து அதனை அறவோர் கோட்டமாக்க வேண்டும் என்கிறாள். உணவிடுதல் இரக்கத்தின்பாற்பட்டது, எவரும் செய்யலாம். சிறையை நீக்குக என்பதோ ஆட்சியை நோக்கிய விண்ணப்பம். கணிகையர் குலத்திற் பிறந்து துறவு பூண்ட ஓர் இளம்பெண் அரசன்முன் நின்று அதனைச் சொல்கிறாள்.

காப்பியத்தின் குறையையும் மறைத்தல் ஆகாது. சிறைப்பட்டோர் யாவர், என்ன குற்றத்துக்காக அடைபட்டனர், விடுபட்டபின் எங்குச் சென்றனர் என்பதைச் சாத்தனார் சொல்லவில்லை. கோட்டம் அறவோர்க்கு உரியதாகிறது. கைதிகள் கதையினின்றே மறைகின்றனர். இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உதயகுமரன் வெட்டுண்டு மாண்டபின், மன்னன் மணிமேகலையையே காவலில் வைக்கப் பணிக்கிறான். இருபத்திரண்டாம் காதைக்குச் ‘சிறைசெய் காதை’ என்றே பெயர். மூன்றே காதைகளில் சிறை மீண்டுவிட்டது! அவளைக் காக்கவே அவ்வாறு செய்தான் என அமைதி கூறுவாரும் உளராகலாம். பூட்டிய கதவு பூட்டிய கதவே. மன்னன் அருளால் மட்டும் கிடைத்த ஒன்று எத்தனை நாள் நிற்கும் என்பதைக் காப்பியம் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது.

நிற்க. இக்காதையைக் கோலாலம்பூர்வாசியின் கண்கொண்டு படித்தல் பொருந்தும். பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலும் செபமாலை மாதா ஆலயமும் பௌத்த மகா விகாரையும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. அடுத்துள்ள பங்சார், இன்று செல்வர் வாழும் பகுதி. முன்னாளில் இரப்பர்த் தோட்டம். தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது வேலையையும் லயத்தையும் ஒருசேர இழந்த தமிழ்க் குடும்பங்கள் பல, நகரோரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்குப் பெயர்ந்தன. பழைய கிள்ளான் சாலைப் பக்கத்துக் கம்போங் மேடானில் 2001 மார்ச்சு மாதம் மூண்ட கலவரத்தில் ஆறு பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் இந்தியர். அங்கே வறுமையும் இட நெருக்கடியும் இந்தியர்க்கும் மலாய்க்காரர்க்கும் பொதுவாகவே இருந்தன.

இத்தகைய இடங்களில் சமயம் செய்யத்தக்கது யாது? சோறிடுதல் நன்று, அதில் குறை காண்பாரில்லை. 1983இல் பௌத்த, கிறிஸ்துவ, இந்து, சீக்கிய அமைப்புகள் கூடி ஓர் ஆலோசனை மன்றம் அமைத்தன. தாவோ சமயத்தாரும் பிற்பாடு சேர்ந்தனர். சமய உரிமையைத் தொடும் சட்டங்கள் குறித்து அரசிடம் ஒருமித்துப் பேசுவது அம்மன்றத்தின் பணிகளுள் ஒன்று. பல சமயத்தார் ஒரே குரலில் ஆட்சியை நோக்கி விண்ணப்பித்தல் மணிமேகலை காட்டிய நெறியே. ஆயினும் காப்பியத்தின் குறை இங்கும் தொடராமல் இருக்க வேண்டும். அவையில் பேசுவோர் சமயத் தலைவர்கள். குடிசைவாசியின் சொல் அங்கே எவ்வாறு எட்டுகிறது?

சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமை எய்திய தோட்டத் தொழிலாளிக்கு வாக்குரிமை இல்லை. தைப்பூசத்தன்று அவருக்கு இலை நிறையச் சோறு கிடைக்கும். மறுநாள் குடியுரிமைப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க யார் இருக்கிறார்? (திருவிழாப் பந்தல் கணக்கை மூன்று நாள் சரிபார்க்கும் கோயில் நிருவாகத்தார்க்கு இதற்கு அரைநாள் கிடைக்காமற் போகாது.) பாரத்தை நிரப்பும்போது அவர் பெயரும் பிறந்த தோட்டமும் பெற்றோர் வந்த கப்பலும் அவர் வாயாலேயே சொல்லப்படும். சாத்தனாரின் கைதிகளுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

அமுதசுரபியின் சிறப்பு யாது என்னும் பழைய வினாவை ஆசிரியர்கள் ஓராண்டு நிறுத்திவைக்கலாம். மணிமேகலை மன்னனிடம் கேட்டது யாது, கேளாது விட்டது யாது என வினவினால், மாணவர் பத்தொன்பதாம் காதையையும் இருபத்திரண்டாம் காதையையும் புரட்டாமல் விடை எழுத இயலாது.