உயிரோடு மீண்டவரின் வழக்கு

சிலி நாட்டு எழுத்தாளர் ஏரியல் டோர்ப்மனின் 'மரணமும் கன்னியும்' என்னும் நாடகத்தைப் பழிவாங்கற் கதையென ஒதுக்குவோர் உளர். நாடகத்தைச் செவ்வனே படித்தவர் அவ்வாறு கூறார் என்றே நாம் கருதுகின்றோம். அதன் நாயகி பவுலினா முதலிற் கேட்பது எதிரியின் உயிரையன்று, வாக்குமூலத்தை.

1973 செப்டெம்பரில் அலண்டேயின் மக்கள் ஐக்கிய முன்னணி அரசைக் கவிழ்த்த இராணுவம் 1990 மார்ச் வரை சிலியை ஆண்டது. அதன்பின் பதவியேற்ற சனாதிபதி அயில்வின் அமைத்த ரெட்டிக் ஆணைக்குழு, கொல்லப்பட்டோரையும் காணாமற்போனோரையும் பற்றியே விசாரித்தது. 1991 பெப்ரவரியில் அது அளித்த அறிக்கையில் 2,279 பேரின் முடிவு பதிவாயிற்று. குற்றம் புரிந்தோரின் பெயர்கள் இடம்பெறவில்லை. சித்திரவதைக்குள்ளாகி உயிரோடு மீண்டவர்களோ அதன் கணக்கிலேயே சேரவில்லை. பினோசே 1998 வரை இராணுவத் தளபதியாகவே வீற்றிருந்தார் என்பதை நினைத்தால், நீதி ஏன் இவ்வாறு பதுங்கி நடந்தது என்பது விளங்கும். (ஆணைக்குழு என்னுஞ் சொல் நம் நாட்டவர்க்கும் புதியதன்று.) அவ்வறிக்கையை மக்கள்முன் வைத்து அயில்வின் மன்னிப்புக் கோரிய அதே 1991 மார்ச்சில், சந்தியாகோவில் இந்நாடகம் மேடையேறியது.

பவுலினாவின் கணவன் ஹெரார்டோ, இத்தகையதோர் ஆணைக்குழுவுக்கு நியமனம் பெற்ற வழக்கறிஞன். தன் மனைவிக்கு நேர்ந்த கொடுமையை விசாரிக்க அவனுக்கே அதிகாரமில்லை! பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கண்கள் கட்டப்பட்ட நிலையில் அவள் அறிந்தவை ஒரு மருத்துவனின் குரலும், அவன் ஒலிக்கவிட்ட சூபேர்ட்டின் இசையுமே. ஓரிரவு கணவனுக்கு வழியில் உதவிய ரொபேட்டோ என்னும் மருத்துவன் வீட்டுக்கு வருகின்றான். குரலை அவள் அடையாளங் காண்கின்றாள். அவனைக் கதிரையிற் கட்டித் துப்பாக்கி முனையில் விசாரணை நடத்துகின்றாள்.

நாடகத்தின் உச்சம் வாக்குமூலக் காட்சியே. மருத்துவனைக் காப்பாற்ற எண்ணிய கணவன், மனைவியிடம் நடந்ததைக் கேட்டறிந்து அதை இரகசியமாக அவனுக்குச் சொல்லிக்கொடுக்கின்றான். இதை முன்னுணர்ந்த பவுலினா, தன் கதையிற் சில சிறு பிழைகளை வேண்டுமென்றே புகுத்திவிடுகின்றாள். மருத்துவன் அப்பிழைகளைத் தன்னையறியாமலே திருத்திவிடுகின்றான். நீதிமன்றம் இதைச் சான்றாக ஏற்குமா? ஏற்காது. ஆயினும் கண்கட்டப்பட்டவளிடம் வேறு எந்தச் சான்றை அச்சட்டம் எதிர்பார்க்கின்றது? சட்டத்தின் பக்கமே எப்போதும் நிற்கும் ஹெரார்டோவால் இக்கேள்விக்கு விடை கூற இயலவில்லை. நம்மிற் பலர் அவனைப் போன்றவரே.

குறையும் உண்டு. மூன்று பாத்திரங்களும் படித்த நடுத்தர வர்க்கத்தினர். சேரிகளிற் சுற்றிவளைக்கப்பட்ட தொழிலாளர் இங்கே பேசுவதில்லை. அந்த ஆட்சியால் இலாபமடைந்தவர் யார் என்ற கேள்வியும் எழவில்லை. இறுதியிற் பார்வையாளர்முன் பெரியதொரு கண்ணாடியை இறக்குகின்றார் ஆசிரியர். அடிபட்டவனையும் அடித்தவனுக்குக் கூலி கொடுத்தவனையும் அக்கண்ணாடி ஒரே வரிசையிற் காட்டுகின்றது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

எனினும், அரசு கேட்க மறுத்த வழக்கை முதலில் அரங்குக்குக் கொணர்ந்தவற்றுள் இந்நாடகமும் ஒன்று. 2004இல் வெளியான வலெச் ஆணைக்குழுவின் அறிக்கையே 27,000க்கு மேற்பட்டோரை அரசியற் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தோராக ஏற்றது. அவர்கள் அளித்த சாட்சியங்களோ ஐம்பது ஆண்டுகளுக்கு இரகசியமெனச் சட்டமியற்றிப் பூட்டப்பட்டன. பினோசே எந்த வழக்கிலும் தண்டனை பெறாமலே 2006 டிசெம்பரில் இறந்தார்.