ஈபர்ட்டிடம் திட்டு வாங்கிய படங்கள்

மோசமான படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவனிடம் ‘படம் எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘செம மொக்கை’ என்பான். அதற்கு மேல் ஒன்றும் வராது. கோபம் இருக்கும், வயிற்றெரிச்சல் இருக்கும், வார்த்தை மட்டும் கிடைக்காது. அந்த வயிற்றெரிச்சலுக்கெல்லாம் சேர்த்து வார்த்தை வைத்திருந்த ஒரு மனுஷன் சிகாகோவில் இருந்தார். ரோஜர் ஈபர்ட். ஐயா, அந்த ஆள் ஒரு படத்தைத் திட்டினால் அந்தப் படத்தையே தேடிப் போய்ப் பார்க்கத் தோன்றும்! நான் போயிருக்கிறேன். படம் அவர் சொன்னதைவிடக் கேவலமாக இருக்கும். வருத்தமே இல்லை. பார்த்துவிட்டு வந்து விமர்சனத்தை மறுபடி படித்தால் ருசி இரட்டிப்பாகியிருக்கும்.

நல்ல படங்களைப் பற்றியும் அவர் அற்புதமாக எழுதியிருக்கிறார். சத்யஜித் ராயின் அபு படங்களைத் தன்னுடைய மகத்தான படங்களின் வரிசையில் வைத்து எழுதியவர் அவர். அதையெல்லாம் பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது திட்டு. சங்கீத விமர்சகர் சுப்புடுவின் விமர்சனத்தைச் சத்தம் போட்டுப் படித்துச் சிரிக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு எது பிடிக்கும்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1942-இல் இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவில் பிறந்தார், அப்பா எலெக்ட்ரீஷியன். 1967-இல் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ பத்திரிகையின் சினிமா விமர்சகரானார். 2013-இல் இறக்கும்வரை அதே வேலை, அதே பத்திரிகை. 1975-இல் புலிட்சர் பரிசு வாங்கினார். சினிமா விமர்சனத்துக்காக அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். போட்டிப் பத்திரிகையான ‘சிகாகோ டிரிப்யூன்’ விமர்சகர் ஜீன் சிஸ்கலும் அவரும் டிவியில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே கட்டைவிரலை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அமெரிக்காவில் அந்தக் காலத்து வாராந்திரக் கூத்து. நம் விகடன் மார்க் போலப் பத்திரிகையில் அவர் நட்சத்திரம் போடுவார். நாலுதான் அதிகபட்சம். கீழே பூஜ்ஜியம் வரை போகும். நான் முதலில் புரட்டுவது அந்தப் பூஜ்ஜியங்களைத்தான்.

பூஜ்ஜியங்களின் அரசன் ‘நார்த்’. 1994-இல் வந்தது. அப்பா அம்மா தன்னைக் கவனிக்கவில்லை என்று ஒரு பொடியன் கோர்ட்டுக்குப் போய், விடுதலை வாங்கிக்கொண்டு, புது அப்பா அம்மா தேடி ஊர் ஊராகப் போகிறான். டெக்சாஸ் போனால் எல்லாம் பெரிசு பெரிசாகத் தின்கிற தம்பதி, அலாஸ்கா போனால் இக்ளூ. போதாக்குறைக்கு புரூஸ் வில்லிஸ் முயல் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார். இதைப் பார்த்த ஈபர்ட், ‘வெறுத்தேன்’ என்ற ஒரே சொல்லை மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டு போனார். படத்தின் ஒவ்வொரு அசட்டுத்தனத்தையும், இது யாருக்காவது பிடிக்கும் என்று நம்பிய மனசையும்கூட வெறுத்தேன் என்று எழுதினார். பிறகு 2000-இல் தன் வசவுகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டபோது அதற்கு ‘ஐ ஹேட்டட், ஹேட்டட், ஹேட்டட் திஸ் மூவி’ என்றே தலைப்பு வைத்தார்!

ஆனால் நான் அந்தக் கட்டுரைக்கு விழுந்தது அந்த அடுக்குக்காக இல்லை. இயக்குநர் ராப் ரைனர் அதற்கு முன் ‘ஸ்டாண்ட் பை மீ’, ‘தி பிரின்சஸ் பிரைட்’, ‘வென் ஹாரி மெட் சாலி’ எல்லாம் எடுத்தவர். அதை ஈபர்ட் மறக்கவில்லை. இவ்வளவு திட்டிவிட்டு, இது மோசமான படம், ஆனால் எடுத்தவர் மோசமான இயக்குநர் இல்லை, அவர் இதிலிருந்து தேறி வந்துவிடுவார், அநேகமாக எனக்கு முன்னாலேயே தேறிவிடுவார் என்கிற பொருளில் முடிக்கிறார். என்ன ஆள் பாருங்கள்! அடி படத்துக்கு, மரியாதை மனுஷனுக்கு. கடைசி வரியில் ஒரு குத்து, அதுவும் தன் தலைமேலேயே.

அடுத்து என் செல்லம், ‘மேட் டாக் டைம்’. 1996-இல் வந்த தாதா படம். ஜெஃப் கோல்ட்ப்ளம், ரிச்சர்ட் டிரைஃபஸ், கேப்ரியல் பைர்ன் என்று பெரிய பட்டாளமே இருந்தும் தேறவில்லை. இதே நேரத்துக்கு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இதைவிடக் குறைவாக ஒன்றும் கிடைத்திருக்காது என்கிற அர்த்தத்தில் ஆரம்பிக்கிறார். பஸ் விடுகிறார்களா என்றே தெரியாத ஊரில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற மாதிரி இருந்தது என்கிறார். கடைசியில் ஒரு யோசனை: படச்சுருளை வெட்டி, யூகலேலி என்கிற குட்டி கிட்டாரை மீட்டும் வில்லைகளாக ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாம்! நடுராத்திரியில் இதைப் படித்துச் சிரித்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இயக்குநர் மைக்கேல் பே என்றால் ஈபர்ட்டுக்குப் பேனா தானாகவே ஓடும். ‘ஆர்மகெடான்’ படத்தை இரண்டரை மணி நேர டிரெய்லர் என்றார். ‘பேர்ல் ஹார்பர்’ மூன்று மணி நேரத்துக்குள் திணித்த இரண்டு மணி நேரப் படம்; அதில் ஜப்பான்காரர்கள் திடீர்த் தாக்குதல் நடத்தியது ஒரு அமெரிக்க முக்கோணக் காதல்மீது என்றார். ஒரு முழுப் படத்தின் கோளாறும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட்டதா இல்லையா? 2009-இல் இரண்டாவது ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வந்தது. டிக்கெட் காசை மிச்சம் பிடியுங்கள், அடுக்களைக்குப் போங்கள், ஒரு பையனை விட்டுப் பாத்திரங்களைத் தட்டச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று வழி சொன்னார். அந்தப் படத்தின் சத்தத்தை அனுபவித்தவர்கள் யாரும் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

‘தி வில்லேஜ்’ விஷயத்தில் எனக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. மாஹேயில் பிறந்த எம். நைட் ஷியாமளன் ஹாலிவுட்டில் கொடி நாட்டிவிட்டார் என்ற பெருமையோடு தியேட்டருக்குப் போனவர்களில் நானும் ஒருத்தன். கடைசியில் படத்தின் ரகசியத்தை அவிழ்த்தபோது ‘இதற்கா?’ என்று இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஈபர்ட் சொல்லியிருந்தார்: ரகசியம் தெரிந்த பிறகு, அது தெரியாமல் இருந்த நிலைக்கே திரும்ப வேண்டும் என்று தோன்றுகிறது. படத்தைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். ஓட்டி ஓட்டி ஆரம்பத்துக்கே போய், நாற்காலியிலிருந்து எழுந்து, தியேட்டரை விட்டுப் பின்பக்கமாகவே நடந்து, மேலே ஏறுகிற எஸ்கலேட்டரில் கீழே இறங்கி, கவுண்டரில் கொடுத்த பணம் துள்ளி நம் பைக்குள் வந்து விழுகிற வரைக்கும்! கைதட்டினேன். நிஜமாகவே கைதட்டினேன். இதே ஈபர்ட்தான் அதே ஷியாமளனின் ‘சைன்ஸ்’ படத்துக்கு முழுசாக நாலு நட்சத்திரம் கொடுத்தவர். ஊரே காறித் துப்பிய ‘தி ஹேப்பனிங்’ படத்துக்கு மூன்று. அப்புறம் ‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ வந்ததும் அரை. ஆளைப் பார்த்து மார்க் போடுகிற பழக்கமே அவரிடம் கிடையாது.

தராதரம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே முழக்கோலால் அளக்கவும் மாட்டார். ‘ஹெல்பாய்’ எப்படி இருக்கிறது என்று சிநேகிதனைக் கேட்கிறவன் அதை ‘மிஸ்டிக் ரிவர்’ படத்தோடு ஒப்பிட்டுக் கேட்கவில்லை, ‘தி பனிஷர்’ மாதிரியான படங்களோடு வைத்துத்தான் கேட்கிறான் என்று விளக்கமே எழுதியிருக்கிறார். அதனால் மசாலாப் படம் என்பதற்காக ஒரு படம் அவரிடம் அடி வாங்கியதில்லை. மசாலா சரியாக அரைபடவில்லை என்பதற்காக வாங்கியிருக்கிறது. அடிக்கிற இடத்தையும் விரல் வைத்துக் காட்டுவார். டிரவோல்ட்டா நடித்த ‘பேட்டில்ஃபீல்ட் எர்த்’ பூராவும் கேமரா கோணலாகவே நிற்கும். நல்ல இயக்குநர்கள் சிலசமயம் கேமராவைச் சாய்ப்பார்கள் என்று இந்தப் படத்தை இயக்கியவர் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார், எதற்காகச் சாய்ப்பார்கள் என்பதைத்தான் தெரிந்துகொள்ளவில்லை என்றார். நான் எந்தச் சினிமா வகுப்புக்கும் போனதில்லை. கோணத்துக்குக் காரணம் வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த வசவுதான்.

அடி வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? 1998-இல் வந்த ‘காட்ஸில்லா’ படத்தில் நியூயார்க் மேயருக்கு ஈபர்ட் என்றே பெயர் வைத்து, அவர் சாயலில் ஒரு நடிகரையும் போட்டு, உதவியாளருக்கு ஜீன் என்று பெயர் சூட்டிப் பழிவாங்கினார்கள். பாதிக்கப்பட்ட இரண்டு பேரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? எங்களை ராட்சசப் பல்லி படத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதன் வாய்க்குக் கொடுக்காமல் விட்டுவிட்டீர்களே என்று குறைப்பட்டார்கள்!

எல்லாவற்றிலும் பெரிய சண்டை ‘தி பிரவுன் பன்னி’. 2003 கான் திரைப்பட விழாவில் வின்சென்ட் கேலோவின் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கான் வரலாற்றிலேயே இதுதான் படுமோசம் என்றார் ஈபர்ட். கேலோ பதிலுக்கு அவருடைய பருமனைப் பிடித்துக்கொண்டு பன்றி என்றார். நான் என்றைக்காவது ஒருநாள் இளைத்துவிடுவேன், நீங்கள் அன்றைக்கும் ‘பிரவுன் பன்னி’ எடுத்தவராகத்தான் இருப்பீர்கள் என்று சர்ச்சில் பாணியில் திருப்பிக் கொடுத்தார் ஈபர்ட். கேலோ விடவில்லை, அவருடைய குடலுக்குச் சாபம் போட்டார். எனக்கு எடுத்த குடல் பரிசோதனை வீடியோகூட உங்கள் படத்தைவிடச் சுவாரசியமாக இருந்தது என்றார் ஈபர்ட். குழாயடிச் சண்டை தோற்றது போங்கள்! ஆனால் அடுத்த வருஷம் நடந்ததுதான் எனக்கு இதைவிடப் பிடிக்கும். கேலோ படத்தில் இருபது நிமிஷத்துக்கும் மேல் வெட்டி எறிந்தார். ஈபர்ட் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி போய் உட்கார்ந்து பார்த்து, மூன்று நட்சத்திரம் கொடுத்து, கத்தரித்ததால் படமே வேறாகிவிட்டது என்று எழுதினார். சாபம் போட்டவனுக்கு மூன்று நட்சத்திரம்! இந்த நெஞ்சு எத்தனை பேருக்கு உண்டு?

‘டியூஸ் பிகலோ’ இரண்டாம் பாகமும் இதே ரகம். நடிகர் ராப் ஷ்னைடர், தன் படங்களைக் குறை சொன்ன ஒரு பத்திரிகையாளருக்குப் பதிலாக, உனக்குப் புலிட்சர் பரிசு கிடைத்திருக்கிறதா என்று காசு கொடுத்து விளம்பரமே போட்டார். வம்பில் ஈபர்ட் நுழைந்தார். எனக்குக் கிடைத்திருக்கிறது, ஆகவே சொல்கிறேன், உங்கள் படம் குப்பை என்றார். ‘யுவர் மூவி சக்ஸ்’ என்று அடுத்த தொகுப்புக்குப் பெயர் வந்தது அப்படித்தான். பிறகு ஈபர்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஷ்னைடர் பூங்கொத்து அனுப்பினார். உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத நடிகன் என்று கீழே கையெழுத்து. ஈபர்ட் நெகிழ்ந்துபோய், படம் மோசம்தான், மனுஷன் நல்லவர் என்று எழுதினார். படம் மோசம் என்பதில் மட்டும் கடைசிவரை இறங்கி வரவில்லை.

‘லிட்டில் இந்தியன், பிக் சிட்டி’ என்று ஒரு பிரெஞ்சு டப்பிங் படம். விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டியபோது மூன்றாவது ரீல் இல்லை. வேறு யாராக இருந்தாலும் தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஈபர்ட்டும் சிஸ்கலும் இன்னொரு நாள் மெனக்கெட்டுப் போய் அந்த ரீலையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து, ஆர்சன் வெல்ஸ் படத்தின் தொலைந்துபோன காட்சிகளே அந்த ரீலில் இருந்திருந்தாலும் இந்தப் படம் உருப்பட்டிருக்காது என்று சிஸ்கல் தீர்ப்பு சொன்னார். விடாமல் பார்த்தவனுக்குத்தான் அப்படிச் சொல்ல வாய் உண்டு. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் படத்தைக் கிழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்த மூன்றாவது ரீல்தான் ஞாபகத்துக்கு வரும்.

எனக்கு அவரோடு சண்டையும் உண்டு. ‘தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ படத்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார்! ‘ப்ளூ வெல்வெட்’ படத்துக்கு ஒன்று! இரண்டும் எனக்கு உயிர். படிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் ‘ப்ளூ வெல்வெட்’டில் இசபெல்லா ரோசெலினியை அவமானப்படுத்தும் காட்சிகளில் நடிக்கவிட்ட விதம்தான் தனக்குப் பொறுக்கவில்லை என்று அவர் சொல்கிறபோது, அதற்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை. இன்னொரு சங்கதி: அவரே ஒரு படத்துக்குத் திரைக்கதை எழுதியவர். 1970-இல் வந்த ‘பியாண்ட் தி வேலி ஆஃப் தி டால்ஸ்’. அதற்கு டிரிப்யூனில் பூஜ்ஜியம் போட்டது யார் தெரியுமா? ஜீன் சிஸ்கல்!

ஈபர்ட்டுக்குப் புற்றுநோய் வந்து 2006-இல் தாடையும் போய், குரலும் போயிற்று. எழுத்து குறையவில்லை, கூடியது. 2012-இல் மட்டும் 306 விமர்சனம் எழுதினார். அதே வருஷம் மூன்றாவது வசவுத் தொகுப்பும் வந்தது. மறுவருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி சிகாகோவில் காலமானார்.

அவருடைய விமர்சனங்கள் அவர் பெயரிலேயே உள்ள இணையதளத்தில் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் கொஞ்சம் படிக்க வந்தால் போதும், கடினமான நடையே இல்லை. முதலில் ‘மேட் டாக் டைம்’, அடுத்து ‘நார்த்’, அப்புறம் ‘தி வில்லேஜ்’ என்று போங்கள். ‘யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்’ பிடித்தவர்கள் அதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் படிக்க வேண்டாம்.