வளையமும் பெட்டியும்: கலைஞர் தாள்களின் வரிசை குறித்து

1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் இராசேந்திரன் காலக் கொடையைச் சான்றுரைக்கின்றன. முத்திரையிட்ட வளையத்தில் கோக்கப்பட்டமையால் அவற்றின் வரிசையும் காக்கப்பட்டது. இவ்வட்டாரத் தெருக்கூத்து வாத்தியாரின் நோட்டுகளுக்கும் உதிரித் தாள்களுக்கும் அத்தகைய வளையம் இல்லை. அவை இருந்த பெட்டியே அவற்றின் ஒழுங்கு.

கூத்துப் பனுவலைப் பதிப்பித்துவிட்டால் காப்புப்பணி நிறைவுற்றதாகக் கருதுவதுண்டு. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. பாட்டின் அருகே அடித்தலும் திருத்தலும், வசனத்தின் பின்பக்கத்தில் முன்பணக் கணக்கும் அமையுமாயின், அவ்வருகாமையே கலைஞரின் தொழில்வாழ்வைப் புலப்படுத்தும். பதிப்பு அவற்றைக் களைகிறது. பொருள்வாரிப் பகுப்பு அவற்றைப் பிரிக்கிறது.

கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக விளங்கிய ரோஜா முத்தையா, நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. பயனற்றதெனத் தோன்றும் தாளும் வரலாற்றுச் சான்றாகும் என்பதை அது மெய்ப்பித்தது. கலைஞரின் சொந்தத் தாள்களுக்கு இன்னும் ஒருபடி மேலே செல்லவேண்டும். தாள்களைத் தூய்மை செய்யுமுன், பிரிக்குமுன், அவை கிடந்த வரிசையைப் பதிவுசெய்வதே ஆவணக் காப்பாளரின் முதற்பணி. கிழிந்த தாளை ஒட்டலாம். பதிவின்றிக் கலைந்த வரிசையை மீட்டல் அரிது.