நாக்பூர் லைசென்ஸும் ஹாக்கி மட்டையும்

சிவகாசிப் பக்கம் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பேச்சு. பெரிய வெடி ஆபீஸ்களை 'நாக்பூர் லைசென்ஸ்' என்பார்கள். வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைமையகம் அந்த ஊரில் இருப்பதால் வந்த வழக்கு. பதிவு, உரிமம், முத்திரை என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முத்திரை எதைச் செய்யாது என்பதும் இங்கே தெரியும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஆலை உரிமம் பெற்ற ஆலைதான். உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. உள்ளே அறைகள் பல குத்தகைக்காரர்கள் கையில் இருந்தன.

ஹாக்கியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு வெடி ஆபீஸைப் பேசக் காரணம் உண்டு. 2025 நவம்பர், டிசம்பரில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள். விருதுநகரிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரப் பேருந்துதான். போய்ப் பார்த்து வந்த பையன்களிடம் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது: நம்ம டீமை மாவட்ட ஹாக்கிச் சங்கத்தில் பதிய வேண்டுமா, வேண்டாமா? பயிற்சியாளர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். பதிந்தால்தான் எதிர்காலம் என்கிறது ஒரு கட்சி. சங்கம் என்பது சந்தா வாங்குகிற நாற்காலி, ஆடுவதற்குத் தரையும் மட்டையும் போதும் என்கிறது மற்றது. இரண்டிலும் பாதிதான் உண்மை.

பதிவுக் கட்சியின் வலுவான வாதம் சான்றிதழ். தமிழக அரசு வேலையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். மத்திய அரசு வேலைக்கு என்றால் மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கான படிவத்தில் மாநிலச் சங்கச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். அந்த மாநில அணிக்குள் போக மாவட்டச் சங்கம், அதற்கு மேல் தமிழ்நாடு ஹாக்கி அமைப்பு, அதற்கும் மேல் ஹாக்கி இந்தியா என்று ஏணி. ஹாக்கி இந்தியாவின் கணினிப் பதிவில் வீரருக்கு ஓர் அடையாள எண் ஏறாமல் தேசியச் சாம்பியன்ஷிப்பில் கால் வைக்க முடியாது.

ஆனால் இந்த ஏணி ஒன்றுதான் ஏணியா? பள்ளிக்கூடத்துப் பையனுக்கு வேறொன்று இருக்கிறது. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று பள்ளிக் கல்வித் துறையே போட்டி நடத்துகிறது. அங்கிருந்து அகில இந்தியப் பள்ளி விளையாட்டுக்குப் போகலாம். அதற்குத் தனிப் படிவம், அதில் கல்வித் துறையின் கையெழுத்து. முதலமைச்சர் கோப்பைக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பேர் கொடுத்தால் போதும். ஆகவே எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரிடம் "சங்கத்தில் பதியாவிட்டால் எல்லாம் போச்சு" என்று பயமுறுத்துகிற பயிற்சியாளர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை சந்தாவில் பங்கு உள்ளவர்.

சங்கம் உண்மையிலேயே தேவைப்படுகிறவன் வேறொருவன். பத்தாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு அச்சகத்திலோ பட்டாசு ஆபீஸிலோ வேலைக்குப் போகிற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மட்டையைத் தொடுகிறவன். பள்ளியும் கல்லூரியும் அவனுக்குக் கதவை மூடியாயிற்று. மாவட்ட அணி, மாநில அணி என்று அவனுக்குத் திறந்திருக்கும் வாசல் சங்கம் ஒன்றே. பெரும்பாலும் பதியாமல் ஆடுகிறவனும் அவனேதான். வாதம் முழுவதும் பள்ளி அணிகளைச் சுற்றியே நடப்பதால் இவன் யார் கண்ணிலும் படுவதில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தை நான் எளிதாகத் தள்ள மாட்டேன், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2008இல் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பின் செயலாளர் பணம் வாங்கியதாகத் தொலைக்காட்சியில் ரகசிய ஒளிப்பதிவு வந்தது. இந்தியா ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் போன அந்த ஆண்டில் ஒலிம்பிக் சங்கம் கூட்டமைப்பை ஓரங்கட்டியது. 2009இல் ஹாக்கி இந்தியா பிறந்தது. 2010இல் டில்லி உயர் நீதிமன்றம் பழைய அமைப்பின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு ஹாக்கி இந்தியாவைத் தேசிய அமைப்பாக அங்கீகரித்தபோது 2014 ஆகியிருந்தது. 2008இல் பதினான்கு வயதாக இருந்த பையனுக்கு அப்போது இருபது. அந்த ஆறு ஆண்டுகளில் இந்த ஊர்ப் பயிற்சியாளர் ஒருவர் எந்தச் சங்கத்தில் பதிவதென்று எதை வைத்து முடிவெடுத்திருப்பார்? பக்கத்து வீட்டு ஜோசியரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

இதே சண்டையின் இன்னொரு முகம் 2012இல் தெரிந்தது. பழைய கூட்டமைப்பு நடத்திய உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை அணியும் ஆடியது. அந்தத் தொடரை உலக அமைப்பு அங்கீகரிக்கவில்லை. ஆடினால் நாட்டு அணி வாசல் மூடும் என்ற எச்சரிக்கை வீரர்கள் தலைமேல் தொங்கியது. அனுமதியற்ற போட்டியில் ஆடக்கூடாது என்ற விதிக்கு மேல்மட்டத்தில் ஒரு நியாயம் இருக்கலாம். அதே விதியை ஒரு மாவட்டச் சங்கம் பங்குனிப் பொங்கலுக்கு ஊர்க்காரர்கள் நடத்தும் போட்டி மீது வைத்தால், இந்த மண்ணில் ஹாக்கியின் வேரையே பிடுங்குகிற காரியம் அது. கரிசல் தரையில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. அந்தத் தரையில் ஆடி வளர்கிறவனுக்குக் கிடைப்பதே இரண்டு மூன்று ஊர்ப் போட்டிகள்தான்.

பாதுகாப்பு என்றொரு வாதமும் வருகிறது. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். முன்னங்கால் காப்பு இல்லாமல் ஆடுகிற பையன்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். பதிந்த அணிக்குத் தகுதியுள்ள நடுவர் வருவார், வயது சரிபார்க்கப்படும், பெண் பிள்ளைகள் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கும் என்கிறார்கள். கடைசியாகச் சொன்னதுதான் கனமானது. அதையே உரசிப் பார்க்க வேண்டும். 2023இல் டில்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் உட்கார்ந்த மல்யுத்த வீராங்கனைகள் எல்லோரும் முறையாகப் பதிந்தவர்கள். அவர்கள் புகாரே பதிந்த அமைப்பின் தலைவர் மீதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில், குறித்த காலத்தில் தேர்தல் நடத்தாத குற்றத்துக்காக உலக மல்யுத்த அமைப்பு இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. வீரர்கள் உலகப் போட்டியில் நாட்டுக் கொடி இல்லாமல் இறங்கினார்கள். தப்பு செய்தது நிர்வாகம், தண்டனை ஆடியவனுக்கு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம், பாதுகாப்பான விளையாட்டுக்கான கொள்கை என்றெல்லாம் பேசுகிறது. நல்லது. சாத்தூரில் இருக்கும் பெண் பிள்ளையின் தகப்பனார் அந்தத் தீர்ப்பாயத்தின் படியேற எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதுதான் என் கவலை.

இவ்வளவுக்குப் பிறகும் பதிவு வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காரணம் சாத்தூரிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது: கோவில்பட்டி. அதுவும் தீப்பெட்டி ஊர்தான், அதே கரிசல்தான், மழையும் இதே அளவுதான். கிருஷ்ணா நகரில் செயற்கைத் தளம் இருக்கிறது, அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது, லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு ரயில்வே போன்ற அணிகள் வந்து இறங்குகின்றன. அந்த விடுதியில் பயின்ற கார்த்தி, மாரீஸ்வரன் இருவரும் 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தியுடையது. அவர் அரியலூர்க்காரர், ஊரை விட்டுக் கோவில்பட்டிக்கு வந்து வளர்ந்தவர். அந்தப் பையன்களை உருவாக்கியது பதிவு இல்லை. தளமும் விடுதியும் விடாத போட்டிகளும்தான் உருவாக்கின. ஆனால் கோவில்பட்டியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போன பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் ஒரு பேரேட்டில் அவர்கள் பெயரைத் தேடியிருப்பார்கள். அங்கே பெயர் இல்லாதிருந்தால் கோல் அடிக்கத் தெரிந்து என்ன பயன்?

ஆகவே என் தீர்ப்பு பிரிந்துதான் வரும். வீரனைப் பதிய வேண்டும்: பிறப்புச் சான்றிதழோடு, அவன் பெயரில், பதின்மூன்று பதினான்கு வயதிலேயே. வயதுச் சண்டை பிற்பாடு வராமல் இருக்க அது ஒன்றே வழி. அணியைப் பதிவது வேறு விஷயம். சென்ற ஆண்டு மாவட்டத்தில் எத்தனை ஆட்டம் நடத்தினீர்கள் என்று கேட்டால் பட்டியல் எடுத்துக் காட்டுகிற சங்கத்தில் பதியலாம். பட்டியல் இல்லாமல் ரசீதுப் புத்தகம் மட்டும் வைத்திருக்கிற சங்கம் அச்சங்குளத்து உரிமம் மாதிரிதான். அங்கே அணியைப் பதிவதால் லாபம் சங்கத் தேர்தலில் ஓட்டு எண்ணுகிறவருக்கு மட்டுமே. பன்னிரண்டு வயதுக்குக் கீழே எந்தப் பதிவும் தேவையில்லை. ஆடவிடுங்கள்.

சங்கக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளி முடிந்ததும் சில வாரம் வெடி ஆபீஸ்கள் அடைத்துக் கிடக்கும். வேலைக்குப் போகிற பையன்கள் ஊரில் சும்மா இருப்பார்கள். பதிவு முகாமை மாவட்டத் தலைநகரில் வேலை நாளில் போடாமல், அந்த வாரங்களில் சிவகாசியிலும் வெம்பக்கோட்டையிலும் மைதானத்துக்கே வந்து போடுங்கள். பெற்றோர்களே, பதிந்த ரசீதையும் அடையாள எண்ணையும் பயிற்சியாளரிடம் விட்டுவைக்காமல் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.