பத்தாயத்தின் அடிக்கதவு

பழைய மரச்சாமான் என்றாலே பலருக்குக் காரைக்குடிக் கடைகளும் பர்மாத் தேக்கும்தான் ஞாபகம் வரும். தஞ்சை மாவட்டத்துப் பூதலூர்ப் பக்கம் வந்தால் கூடத்து மூலை இருட்டில் நிற்கும் பத்தாயத்தைப் பாருங்கள். பூவேலை, யாளி எதுவும் இருக்காது. நெல் கொட்டி வைக்கும் ஆளுயர மரப்பெட்டி, அவ்வளவுதான்.

முதலில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். அடியில் ஒரு சிறு கதவு இருக்கும். அதைத் தூக்கினால் மேலிருக்கும் பாரமே நெல்லை மரக்காலில் தள்ளிவிடும். அந்த விளிம்பை விரலால் தடவுங்கள். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. அங்கே மட்டும் வழுவழுவென்று குழிந்திருக்கும். உளி போட்ட குழியில்லை, வருஷக்கணக்கில் நெல் உரசிய குழி.

பிறகு மூலைகள். பலகைகளை நாக்கும் காடியுமாகக் கோத்து, அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றியிருப்பார்கள். கழற்றினால்தானே குறுகிய வாசலுக்குள் நுழையும்! நான் பார்த்த ஒன்றில் அடுக்குக்கு அடுக்கு உளிக்கீறல்: ஒரு கோடு, இரண்டு, மூன்று. வரிசை மாறாமலிருக்க ஆசாரி போட்டது. பாலிஷ் போடுகிறவர்கள் முதலில் இழைத்துத் தள்ளுவது இதைத்தான். பத்தாயத்தை அறுத்து டீப்பாய் செய்கிறவர்களைப் பற்றி நான் பேசாமலிருப்பது நல்லது.

வீட்டுக்காரரிடம் என்ன மரம் என்று கேட்காதீர்கள், 'எத்தனை கலம் பிடிக்கும்?' என்று கேளுங்கள். 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் 3,000 கலம் பிடிக்கும் என்பார்கள். அது பெருங்களஞ்சியம். வீட்டுப் பத்தாயத்தின் கொள்ளளவு குடும்பத்தின் அந்தஸ்து.

மேல்மூடியின் பூட்டையும் விட்டுவிடாதீர்கள். சாவி வீட்டாரிடம். அந்த நெல்லை நட்டு, அறுத்து, அடித்த பண்ணையாட்கள் பலர், சாதியின் பேரால், பத்தாயம் நின்ற கூடத்தில் கால் வைத்ததே இல்லை. அவர்கள் கூலிக்காகத் தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இப்போது நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. போன தையில் ஒரு வீட்டில் பத்தாயத்தைத் தட்டிப் பார்த்தேன். உள்ளிருந்து மெல்லிய சத்தம். "எலியா?" என்றேன். மூடியைத் தூக்கிக் காட்டினார் அந்த வீட்டு அம்மா. திறந்து கிடந்த அடிக்கதவு வழியாகப் போய்ப் பூனை குட்டி போட்டிருந்தது.