பிளேர் விட்ச்: காட்டுக்குள் பின்தொடர்ந்தது யார்?

'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999) பார்த்தவர்களிடம் "பேய் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. 81 நிமிடப் படத்தில் பேய் ஒரு தடவைகூடக் கண்ணில் படாது. விடிந்ததும் கூடாரத்துக்கு வெளியே கற்குவியல், மரத்தில் தொங்கும் குச்சி பொம்மை, நடுராத்திரியில் குழந்தைகளின் சத்தம். அவ்வளவுதான்.

கதையும் ஒன்றரை வரிதான். அமெரிக்காவின் மேரிலாந்தில் பர்கிட்ஸ்வில் என்ற ஊர்ப்பக்கம் உலவும் சூனியக்காரிக் கதையை ஆவணப்படமாக எடுக்க ஹெதர், ஜோஷ், மைக் என்ற மூன்று பேர் காட்டுக்குள் போகிறார்கள், வழி தவறுகிறார்கள், யாரோ பின்தொடர்கிறார்கள். 1994 அக்டோபரில் காணாமல் போனவர்களின் பதிவு ஓராண்டு கழித்துக் கிடைத்தது, இதுதான் அது என்கிறது படத்தின் தொடக்கம்.

இப்படி 'கண்டெடுத்த பதிவு' பாணியில் வரும் படங்களைப் பார்க்கும்போது எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்று உண்டு. உயிர் போகிற நேரத்தில் எவனாவது கேமராவைப் பிடிச்சுக்கிட்டே ஓடுவானா? பல படங்கள் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடும். இந்தப் படம் நழுவவில்லை. ஒரு காட்சியில் ஜோஷ் ஹெதரின் கேமராவை வாங்கி அதன் வழியாகப் பார்க்கிறான். இதை நீ ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று இப்போது புரிகிறது, இதன் வழியாகப் பார்த்தால் எதுவும் நிஜம் மாதிரித் தெரியவில்லை என்ற பொருளில் பேசுகிறான். அவளுக்குக் கேமராதான் தடுப்புச் சுவர். அதைக் கீழே வைத்தால் காடு மட்டும்தான் மிச்சம்.

சரி, பின்தொடர்ந்தது யார்? படத்துக்கு வெளியே இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது: இயக்குநர்கள் டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் இருவரும் அவர்களுடைய சிறு குழுவும். 1997 அக்டோபரில் பெரும்பகுதியைச் செனகா க்ரீக் என்ற மாநிலப் பூங்காவில் எட்டே நாளில் எடுத்தார்கள். நடிகர்கள் கையில் ஒரு ஜிபிஎஸ் கருவி. அது காட்டும் இடத்துக்கு நடந்து போனால் அங்கே ஒரு பெட்டி. அதில் சாப்பாடும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு சீட்டும் இருக்கும். ஒருவர் சீட்டில் உள்ளது மற்றவருக்குத் தெரியாது. நாள் போகப் போகச் சாப்பாட்டின் அளவு குறைந்தது. ராத்திரியில் குழுவினர் வந்து கூடாரத்தைக் குலுக்கினார்கள், குழந்தைகளின் குரலை ஒலிக்கவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் பலர் சொல்வது: "அப்ப அவங்க நடிக்கவே இல்ல, நிஜமாவே பயந்திருக்காங்க." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பசியும் குளிரும் தூக்கமின்மையும் நிஜம்தான். ஆனால் வசனங்களில் பெரும்பாலானவை அவர்களே அந்த இடத்தில் உருவாக்கியவை. கேமராவும் ஒலிப்பதிவும் அவர்கள் கையில்தான். நடிப்பிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் சொல்ல 'டாக்கோ' என்று ஒரு குறிச்சொல்கூட வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது நடிப்பு என்று தெரிந்தவர்களுக்குத்தான் வெளியே வர ஒரு சொல் தேவைப்படும்.

ஹெதர் தன் முகத்துக்கு வெகு அருகே கேமராவை வைத்து, மூக்கு ஒழுக, தன்னோடு வந்தவர்களின் அம்மாக்களிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஒரு ஷாட்டில் நடிகை, வசனகர்த்தா, ஒளிப்பதிவாளர் மூன்றும் அவரேதான். படத்துக்குள் கிடைத்த பெயர் 'பயந்துபோன பொண்ணு'.

படம் வேலை செய்ய வேண்டுமானால் நடிப்பு நடிப்பாகத் தெரியக் கூடாது. அதனால் நடிகர்களின் சொந்தப் பெயர்களையே பாத்திரங்களுக்கும் வைத்தார்கள். 'காணவில்லை' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், இணையதளம் நடத்தினார்கள். ஹெதரின் அம்மாவுக்கு அனுதாப அட்டைகள் வந்தன. சன்டான்ஸ் விழாவில் ஆர்டிசன் நிறுவனம் படத்தைச் சுமார் 11 லட்சம் டாலருக்கு வாங்கியது. உலக வசூல் 24 கோடி டாலரைத் தாண்டியது. ஹெதருக்குக் கிடைத்தது அந்த ஆண்டின் மோசமான நடிகைக்கான 'கோல்டன் ராஸ்ப்பெர்ரி'. இறந்துபோனதாக நம்பவைத்த நடிப்புக்கு இப்படி ஒரு விருது! பின்னாளில் அவர் அந்தப் பெயரையே மாற்றிக்கொண்டார்.

மூவரும் வழக்குப் போட்டு ஒரு சமரசத் தொகை வாங்கினார்கள். 2024-இல் புதிய பிளேர் விட்ச் படம் ஒன்று அறிவிக்கப்பட்டபோது, உரிமை வைத்திருக்கும் லயன்ஸ்கேட் நிறுவனத்திடம், தங்கள் நடிப்புக்கான தொடர் பங்குத்தொகையை வெளிப்படையாகக் கேட்டார்கள்.

எனக்கு இந்தப் படம் இன்றும் பிடிக்கும். பயமும் குறையவில்லை. ஆனால் 'இதில் யாரும் நடிக்கவில்லை' என்பதைப் பாராட்டாகச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். விளம்பரத்துக்காகச் சொன்ன பொய்யின் மிச்சம் அது. கேட்கப் பாராட்டு மாதிரி இருந்தாலும், மூன்று பேரின் உழைப்பை அது இல்லாததாக்கிவிடுகிறது. அடுத்த தடவை பார்க்கும்போது பேயைத் தேடாதீர்கள், ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.